விண்கலத்துக்குப் பேசியது யார்?

மார்ச் 3, செவ்வாய்

இன்று அத்தையின் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை இல்லை. ‘ஏழாம் கல’த்தின் முன்கதைப் படத்தைத் தமிழ் பேசவைத்து அனுப்பியதோடு எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை அது தியேட்டருக்கும் வந்துவிட்டது. அத்தை ஃபோனில் அடுத்த படத்துக்கு யாரையோ கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒலிப்பதிவு அறையின் கம்பளத்தைத் தட்டிவிட்டு, ஹெட்ஃபோன்களைத் துடைத்து, மைக்குக்குத் துணி போர்த்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த இன்ஜினியர் அண்ணன், “ம்யூட்டு, அதுக்குக் குளிருதாம். இன்னொரு போர்வை போத்திவிடு” என்றார்.

ம்யூட்டு என்பது நான். வாய் திறக்காததால் அவர் வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் வைத்த பேர்களுக்கு இது எவ்வளவோ தேவலை. அங்கே எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அப்பா இறந்த வருஷம் அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவையும் என்னையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்தாள். புதுப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு எடுத்தபோது நான் அழுத அழுகையில் அந்தப் பேச்சே நின்றுபோனது. ஒன்பதாவதோடு சரி.

ஆனால் அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு, எதிரே படம் மட்டும் ஓடும்போது, எனக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுகிறாள். கூட்டத்தில் கத்துகிறவள், பக்கத்து வீட்டுக்காரி, தொட்டில் குழந்தை எல்லாம் நான்தான். யாரும் பார்க்காததாலா? அப்படியென்றால் இருட்டில் மட்டும்தான் எனக்கு வாய் இருக்கிறதா?

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் என் ஃபோனில் ஒரு ரசிகர் குழுவைக் காட்டிக் கொடுத்தார். ‘ஏழாம் கலம்’ பற்றியே பேசுகிற கூட்டம். “வாசிச்சுப் பாரு, சிரிப்பா வரும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். பழைய படத்தில், ஆளே இல்லாமல் வானத்தில் மிதக்கிற ஒரு கலத்தைக் கண்டுபிடிப்பார்கள். எல்லோரும் எப்படிப் போனார்கள் என்பது இந்த முன்கதை. ஆரம்பத்தில் இயந்திரம் பார்ப்பவரின் சின்ன மகள் ஒளிந்து விளையாடுகிறாள். காற்று தீர்ந்துபோகும்போது மற்றவர்கள் சிறு படகு போன்ற கலத்தில் ஏறித் தப்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஏறினாளா இல்லையா என்று காட்டவேயில்லை. கடைசியில், படம் முழுக்க வாயில்லாப் பூச்சியாக இருந்த கலம் முதல்முறையாகப் பேசுகிறது: “உள்ளே யாருமில்லை. கதவைப் பூட்டவில்லை. யாராவது வாங்க.” அவ்வளவுதான், இருட்டு.

குழுவில் சோடாபுட்டி என்று ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. கலத்தின் குரல் அந்தக் குழந்தையின் குரல்! அவள் சாகவில்லை. அப்பா அவள் மனசை இயந்திரத்துக்குள் ஏற்றிவிட்டார்.’

அதற்குக் கீழே ஊரே திரண்டு நிற்கிறது.

குழந்தைக்குப் பேசியது நான். கலத்துக்குப் பேசியதும் நான்.

கலத்தின் வசனம் மகாராணிக்கு உரியது. எங்களிடம் பேசுகிறவர்களில் மூத்தவர். நாற்காலிக்கு மெத்தை போடாவிட்டால் வாய் திறக்கமாட்டார் என்பதால் அண்ணன் அப்படிச் சொல்வார். படத்தை அனுப்பவேண்டிய அன்றைக்கு அவருக்குத் தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது. அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அண்ணன்தான், “மூணே வரி. ம்யூட்டைப் பேசவெச்சுக் குரலைக் கொஞ்சம் இறக்கி, எக்கோ போட்டுடறேன். பெத்த தாய்க்கே தெரியாது” என்றார்.

பெற்ற தாய் இன்னும் படத்தையே பார்க்கவில்லை. சோடாபுட்டிக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 7, சனி

இன்னும் சண்டை போடுகிறார்கள். பாத்திரம் துலக்கும்போது தானாகச் சிரித்தேனாம். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 9, திங்கள்

அம்மாவும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். கடைசி வரி வந்ததும் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் குரல் கூரையிலிருந்து, சுவரிலிருந்து, என் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது. அம்மா, “ஏய், அது நீதா…” என்று ஆரம்பித்தாள். தொடையில் கிள்ளினேன்.

விளக்குப் போட்ட பிறகும் முன்வரிசையில் ஓர் அண்ணனும் தங்கையும் எழுந்திருக்கவில்லை.

“அதே குரல்தான்டா. செவிடா நீ?”

“எல்லாப் பொம்பளக் குரலும் உனக்கு ஒண்ணுதான். ஃபோன்ல அம்மான்னு நெனச்சு பெரியம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவ நீ.”

“அப்ப அந்தப் புள்ள எங்க போச்சு? சொல்லு பாப்போம்.”

“படகுல போயிருக்கும்.”

“யாரையும் கூப்பிடாமயா? அழாமயா?”

துடைப்பத்தோடு காத்திருந்த பெண், “நாளைக்கும் இதேதான் ஓடும், வந்து கேட்டுக்குங்க. இப்ப காலைத் தூக்குங்க” என்று விரட்டினாள்.

வீடு வந்து குழுவைத் திறந்தேன். டீச்சரம்மா என்கிறவர், படகில் மூன்றாவது இருக்கையின் பெல்ட் மாட்டியிருப்பதைப் படத்தோடு போட்டிருக்கிறார்: ‘ஆளில்லாத இருக்கைக்குப் பெல்ட் எதற்கு? குழந்தை அங்கேதான் இருக்கிறாள், கேமரா காட்டவில்லை.’ லாரிக்காரர் என்கிறவர், ‘டீசல் இல்லாமக் கலம் எப்படிய்யா ஓடுது? முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க’ என்கிறார். அதே லாரிக்காரர் என் வரியைத்தான் ஃபோன் மணியாக வைத்திருக்கிறாராம். யாராவது கூப்பிட்டால், ‘கதவைப் பூட்டவில்லை’. அவர் மனைவி தினமும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறாராம்.

என்னை யாரென்றே தெரியாத ஆட்கள். என் வாயிலிருந்து வந்ததை இப்படி உருட்டி உருட்டிப் பார்க்கிறார்கள். எழுந்து நின்று ‘நான்தான்’ என்று சொல்லவேண்டும் போலிருக்கிறது. இது எனக்கா தோன்றுகிறது?

மார்ச் 14, சனி

மூல மொழியில் படத்தைப் பார்த்த ஒருவர் இன்று வந்து குதித்தார். ‘அங்கே குழந்தை ஒருத்தி, கலம் வேறொருத்தி. கிழவி குரல். உங்கள் கொள்கை மொத்தமும் தமிழில் ஆள் மிச்சம் பிடித்த கோளாறு.’

முதலில் யாரும் நம்பவில்லை. அவர் இரண்டு குரலையும் போட்டுக் காட்டினார். அப்புறம் பேச்சு திரும்பியது. ‘நம்மளைக் கேணையனாக்கிட்டாங்க.’ ‘எந்த ஸ்டுடியோ இது?’ ‘டப்பிங்காரங்க தலையில தட்டணும்.’ படத்தை வாங்கி வெளியிட்ட கம்பெனியின் பக்கத்துக்கே போய்ப் புகார் எழுதியிருக்கிறார்கள்.

சோடாபுட்டி மட்டும், ‘கோளாறாகவே இருக்கட்டும். எனக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறது’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தையின் ஸ்டுடியோ பேரைக் கண்டுபிடித்துவிடுவார்களோ.

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து ஃபோன். வியாழக்கிழமை ஆள் வருகிறாராம், எதற்கென்று சொல்லவில்லை. பேர் உள்ள ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் குரல் என்பது ஒப்பந்தம். அத்தை ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நான்தான் பேசச் சொன்னேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஆனா இனிமே நீ மைக் பக்கம் போகாதே. கூட்டத்துல கத்தறதுக்குக்கூட வேண்டாம். உன் குரலை இப்ப ஊருக்கே தெரியும்” என்றாள்.

சரியென்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

மார்ச் 19, வியாழன்

கம்பெனி சார் வந்தார். நடுத்தர வயசு, மெதுவாகப் பேசுகிறவர். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். “சார், நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அது ரெண்டும் வேற வேற ஆளு. கலத்துக்கு எங்க சீனியர் அம்மா. குழந்தைக்குப் பேசுனது வெளியூர்ப் பொண்ணு. ஒரு நாள் வந்துச்சு, பேசிட்டுப் போயிடுச்சு. இப்ப எங்க இருக்குன்னே தெரியாது.”

அவர் கோப்பையை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். “அடடா” என்றார். “அந்தப் பொண்ணைத் தேடித்தாங்க வந்தேன்.”

மூன்றாவது படம் வருகிறதாம். அந்தப் பிள்ளைக்கு அதில் படம் முழுக்க வசனமாம். இந்தச் சண்டையால் ஆட்கள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்து பார்க்கிறார்களாம். அதே குரல் வேண்டுமாம். வேலையையும் இங்கேயே கொடுக்கலாமென்றுதான் வந்தாராம்! இரண்டு குரலும் ஒன்றுபோலக் கேட்கிறதென்று மூலக் கம்பெனி சொன்னதால், டிவிக்குப் போகிற பிரதியில் மட்டும் கலத்தின் வரிகளைச் சீனியரை வைத்து வித்தியாசமாக மறுபடி எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமாம். அதற்கு அடுத்த மாதம் வருவாராம்.

“அந்தப் பொண்ணு கிடைச்சாச் சொல்லுங்க. இல்லேன்னா என்ன பண்றது, வேற குரல் பாத்துக்கறோம்.”

போகும்போது வாசலில் என்னிடம், “டீ நல்லா இருந்துச்சும்மா” என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

ஏன் அத்தே இப்படிப் பண்ணுனே? அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள ஏன் சொன்னே? நான் அங்கதானே நின்னேன். ரெண்டடி தள்ளி. ஒரு நாள் வந்துட்டுப் போயிட்டேனாமே — எங்க போனேன்?

மார்ச் 25, புதன்

அண்ணன் அத்தையிடம் வாதாடிப் பார்த்தார். “அக்கா, நேத்து பதட்டத்துல சொல்லிட்டேன்னு ஒரு ஃபோன் போடுங்க. தலையையா வாங்கப்போறாங்க?”

“நேத்து இல்லப்பா, ஆறு நாளாச்சு. அப்ப ஒப்பந்தத்தை மீறுனதையும் ஒத்துக்கணும், பொய் சொன்னதையும் ஒத்துக்கணும். இந்த வயசுல ‘ஆமா சார், புளுகிட்டேன்’னு நானே போய் நிக்கணுமா?”

“நீங்க நிக்கலேன்னா இவ உக்காந்துடுவா.”

“சோத்துக்குத் திண்டாடமாட்டா. நான் இருக்கேன்.”

அண்ணன் எழுந்து போகும்போது என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் கேட்டேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அப்பா போனப்ப நம்மளை வாங்கன்னு கூப்பிட்டது அவ ஒருத்திதான். அவளைக் காட்டிக் கொடுத்துட்டு நீ பேசித்தான் ஆகணுமா?” என்றாள்.

வேண்டாம்தான். வேண்டாமென்றுதான் நானும் சொல்லிக்கொள்கிறேன். நான் வாய் திறந்தால் அத்தை பொய்க்காரி. திறக்காவிட்டால் நான் ‘வெளியூர்ப் பொண்ணு’. இதில் ஒன்றாக இருந்துகொண்டுதான் அவளிடம் சாப்பிட வேண்டும்.

குழுவில், அந்தக் குரல் யாரென்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் செய்த குரலாம். பன்னிரண்டு வயசுப் பையனாம். எனக்குக் கோபம்கூட வருகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் மகாராணி வந்தார், மெத்தை போட்டாயிற்று. கம்பெனி சாரும் வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை அவருக்குப் பின்னால். வசனத்தாளைப் பார்த்து வரி சொல்லிக்கொடுப்பது என் வேலை. விருந்தாளி இருப்பதால் எங்கள் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் தாளைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து விரலால் வரியைக் காட்டினேன், வாயால் சொல்லவில்லை.

மகாராணி பேசினார். நன்றாகத்தான் பேசினார். கணீரென்று கோயில் மணி மாதிரி. சார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இன்னொரு தடவை பாக்கலாமா?” என்றார். இன்னொரு தடவை. மறுபடி. “தப்பு ஒண்ணுமில்லீங்க. ஆனா கடைசி வரியில வீட்டுக்காரம்மா வாடகைக்கு ஆள் கூப்பிடற மாதிரி இருக்கு.”

மகாராணிக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்ப பழசைப் போடச் சொல்லுங்க. அதுல அப்படி என்ன இருக்குன்னு நானும் கேக்கறேன்.”

அண்ணன் அத்தையைப் பார்த்தார். அத்தை வளையலைத் திருகினாள். அண்ணன் போட்டார்.

உள்ளே யாருமில்லை. கதவைப் பூட்டவில்லை. யாராவது வாங்க.

சார் கண்ணை மூடிக்கொண்டார். மகாராணி கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார். அந்த அறையில் தெரியாத ஆள் சார் ஒருவர்தான். “இதுவும் அந்தப் பொண்ணு குரல்தான். எங்கதான் போச்சோ” என்று தனக்குள்ளே சொன்னவர், கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நான் இருந்தேன். “ஏம்மா, நீ இங்கதானே வேலை பாக்கறே. உனக்காவது அதைத் தெரியுமா?”

இல்லையென்று தலையை ஆட்டினால் போதும். என் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலை அது. அத்தையின் வளையல் ஒருமுறை சத்தம் போட்டது. தலை அசையவில்லை.

“தெரியும் சார்” என்றேன்.

அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். விளக்கு வெளிச்சத்தில் நாலு பேர் என் வாயையே பார்த்தார்கள். அவர் மெதுவாக, “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்.

“நான்தான் சார். ரெண்டும் நான்தான். அத்தை மேல தப்பில்ல, அவங்க பயந்துட்டாங்க.”

இவ்வளவு நீளமாக, வெளிச்சத்தில், வெளி ஆளிடம் நான் பேசியதே இல்லை. அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

அத்தை சாப்பிட வரவில்லை. அவள் தட்டைக் கழுவவேண்டிய வேலையே இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. மூன்றாவது படம் இங்கே வராது. ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் குரல் மட்டும் நான், அங்கே போய்ப் பேசவேண்டும். சார் அத்தையிடம் ஃபோனில் மரியாதையாகத்தான் சொன்னாராம்: “குரல் ஒண்ணுங்கறது எங்களுக்குப் பெரிசா இல்லீங்க. கேட்டப்பச் சொல்லியிருந்தா எல்லாம் இங்கேயே நடந்திருக்கும்.”

அத்தை என்னோடு பேசுவதில்லை. கோபமாகக்கூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்கிறாள். அம்மா என்னிடம், “சாப்பிடுவியாம்” என்கிறாள். நடுவில் ஒரு நாற்காலிகூட இல்லை.

நான் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அத்தையைக் கெடுத்துவிட்டு எனக்கு எதற்கு? திட்டாமல் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். துணியை உதறி மடித்தபடி அம்மா சொன்னாள்: “நான் பேசவேண்டாம்னு சொன்னேன். நீ பேசிட்டே. இப்பப் போகலேன்னா அவளுக்கும் நட்டம், உனக்கும் நட்டம். ஒருத்தராவது மிஞ்சட்டும்.”

அண்ணன் தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார். விளம்பர வேலை ஏதோ வரும் என்கிறார். என்னை ம்யூட்டு என்று கூப்பிடவில்லை. அதுதான் சங்கடமாக இருக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

புது இடத்தில் முதல் நாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. விளக்கை அணைக்கச் சொல்ல வெட்கம். திருப்பி அனுப்பிவிட்டார்கள், நாளை வரச் சொல்லி.

ஏப்ரல் 28, செவ்வாய்

“விளக்கை அணைக்கறீங்களா?” என்று கேட்டேன். “அவ்வளவுதானா? நேத்தே கேட்டிருக்கலாமே” என்று அணைத்துவிட்டார்கள்.

மே 8, வெள்ளி

இன்றோடு பாதிப் படம் முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று பேசிய காட்சியில் அவளே சொல்கிறாள். படம் வெளிவரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வசனத்தாள் தரும்போதே சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழுவைத் திறந்தேன். டிவியில் புதுப் பிரதி வந்துவிட்டது, மகாராணியின் குரலோடு. ‘மாத்திட்டாங்க! எதையோ மறைக்கறாங்க!’ என்று சோடாபுட்டி குதிக்கிறார். ‘மறைக்க என்ன இருக்கு, பெல்ட்டைப் பாருங்க’ என்கிறார் டீச்சரம்மா. கலத்துக்கு யார் டீசல் போட்டது என்று லாரிக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை பேர் அலைகிற கேள்விக்குப் பதிலை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாள் பேச முடியாமல் பேசாமல் இருந்தேன். இது வேறு மாதிரி. வாய் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பதுபோல.

வீட்டில் அத்தை மட்டும் இருந்தாள். துவைத்த உறைகளைத் தலையணைகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்ததால் நடுவில் சொல்ல ஆளில்லை. ஒரு தலையணையை எடுத்து நானும் மாட்ட ஆரம்பித்தேன்.

நாலாவது உறையை மாட்டும்போது, தலையணையைப் பார்த்தபடியே அத்தை கேட்டாள். “அந்தப் புள்ள படகுல ஏறுச்சா, இல்லையா?”

“சொல்லக்கூடாதாம் அத்தே.”

“எனக்குமா?”

நான் அடுத்த உறையை எடுத்தேன். அத்தை உறையின் முனையை இழுத்துவிட்டு, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி என் பக்கம் போட்டாள்.

“பொழைச்சிருக்கும்” என்றாள். “சாகப்போற புள்ள குரலா அது? நான்தான் கிட்ட இருந்து கேட்டேனே.”